மேற்கு அறைத் தரையை உடைப்பதா

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு எழுந்து வந்த என் மாமியாரின் நெற்றியில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது. எங்கோ இடித்துக்கொண்டார் என்று நினைத்து அருகில் போனேன். ரத்தம் இல்லை. தூள். விரலால் தொட்டபோது மாவு போல ஒட்டியது. அவர் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியிலும் முழங்கால் படும் இடத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள். மாமி குனிந்து அவற்றைப் பார்த்தார். நாலைந்து நாளாகவே இப்படித்தான் இருக்கிறது, துவைத்துத் துவைத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் அறைக்குள் போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். மேற்குச் சுவரை ஒட்டித் தரை பொரிந்து கிடந்தது. காலின் பெருவிரலால் அழுத்தினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி மேல்தோல் உடைந்தது. அதற்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கோரைப் பாயின் இடுக்கு வழியாகத்தான் அந்தச் சிவப்புத் தூள் மேலே ஏறியிருக்கிறது.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு பெரிய வீடு இல்லை. ஒரு ஹால், அடுப்படி, மேற்கே ஓர் அறை, பின்னால் கிணற்றோடு கொஞ்சம் இடம். படுக்கையறை என்று சொல்ல அந்த மேற்கு அறை ஒன்றுதான். நானும் என் கணவரும் அங்கே படுப்போம். மாமிக்கு ஹாலில் கட்டில். ஆனால் ஐந்து வேளையும் தொழுவதற்கு மாமி அந்த அறைக்குத்தான் வருவார். ஹாலில் ஆள் நடமாட்டம் இருக்கும். மேலும் மேற்கு நோக்கி நின்றால் எதிரே வெறும் சுவர்தான், கண் வேறு எதிலும் போகாது. ஆகவே அந்த வீட்டில் அந்தத் தரையோடு அதிகம் புழங்கியவர் மாமிதான். நாங்கள் அதன்மேல் நடந்தோம், அவர் நெற்றியை வைத்தார்.

அது சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை. வீடு கட்டியபோது மாமனார் போட்டது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். நான் வந்த புதிதில் அந்தத் தரையில் முகம் தெரியும். வெயில் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் பாய்கூட விரிக்காமல் அதில் செத்த நேரம் படுத்தால்தான் எனக்கு உயிர் வரும். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். என் கணவர் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சரக்குப் பொறுப்பாளர். இரண்டு பேருமே பகலில் வீட்டில் இல்லாததால், தரை கெட்டுக்கொண்டு வந்ததை இவ்வளவு நாள் கவனிக்கவில்லை என்பது இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

என் கணவருக்கு ஒரே ஓர் அண்ணன். சவுதியில் வேலை. அத்தா, அதாவது என் மாமனார், போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவர் அவர்தான். கணவர் அவருக்கு எழுதிய கடிதத்தில் தரையைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிட்டார். ஒரு மாதம் கழித்து, லீவில் வந்த யாரோ ஒருவர் கையில் பதிலாக ஒரு கேசட் வந்தது. அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கேசட்தான் மாமிக்குப் பிடிக்கும். மகன் குரல் கேட்கும். ஹாலில் டேப்ரிக்கார்டரை வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். எல்லாரையும் விசாரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார். ஆவணியில் மனைவியோடும் பிள்ளையோடும் வருகிறார். அந்த அறையில்தான் தங்குவார். அதற்குள் அந்தப் பழைய தரையை உடைத்துவிட்டு மொசைக் போட்டுவிட வேண்டும், அதற்கு ஆக வேண்டியதை அவர் அனுப்புகிறார். குரலில் கட்டளை இல்லை. ஆனால் மறுபேச்சு ஒன்று வரலாம் என்ற எண்ணமும் அதில் இல்லை.

அந்தச் சமயம் ஊர் முழுக்க மொசைக்தான். எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து பாலிஷ் மெஷின் இரைந்துகொண்டிருக்கும், வாசலில் பால் போல வெள்ளைக் குழம்பு ஓடி வந்து சாக்கடையில் விழும். வெள்ளையில் கறுப்பும் பச்சையும் தெளித்த தரை போட்ட வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், எங்கள் சிவப்புத் தரை பழைய காலத்தது என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. எனக்கு மொசைக்மேல் எந்த விரோதமும் கிடையாது.

அகரத்திலிருந்து கொத்தனார் வந்தார். எங்கள் வீட்டில் சின்னச் சின்ன வேலை எல்லாம் செய்தவர். சைக்கிள் ஹேண்டில்பாரில் கரணை போட்ட பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அறைக்குள் ஒரு நடை நடந்தார், ஓரத்தில் குனிந்து ஒரு தட்டுத் தட்டினார். அதற்குள் முடிவு சொல்லிவிட்டார்.

"இதுக்கு இனிமே ஆயுசு கெடையாது டீச்சர். மொத்தத்தையும் ஒடச்சுத் தள்ளிட்டு மொசைக் போட்டுருவோம். அப்புறம் உங்க காலத்துக்கும் கவலை இல்ல."

ஏன் கெட்டுப்போனது என்று கேட்டேன். பழசாகிவிட்டது, வேறென்ன என்றார். கிழக்குப் பக்கமும் அதே நாளில் போட்டதுதானே, அது ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார், அவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அடுத்த வாரம் வேலை ஆரம்பிப்பது என்று பேசி முடித்தார்கள். ஆனால் காரணம் தெரியாமல் உடைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ச்சல் ஏன் என்று பார்க்காமல் போர்வையை மாற்றுகிற வேலையாக அது எனக்குப் பட்டது.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சருக்குச் செம்பட்டிப் பக்கம் வீடு. முந்தைய வருஷம்தான் மொசைக் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஹால் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் வாய்க்காலை ஒட்டிய உள் அறையில், தரை முழுக்கக் கோடு கோடாக வெள்ளை பூத்திருந்தது. சில இடங்களில் பளபளப்பே இல்லை. தினமும் துடைக்கிறாளாம், இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுகிறதாம். போட்ட ஆளைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அந்த ஆள்மேல் குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. அடியில் ஈரம் இருந்தால் அது உப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், மேலே இருப்பது சிவப்பா வெள்ளையா என்று பார்க்காது. இதைத்தான் எட்டாம் வகுப்புக்கு நான் மெல்லிய கண்ணாடிக் குழாயையும் மைத் தண்ணீரையும் வைத்துக் காட்டுகிறேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் ஒரு சாக்பீஸும் கத்தியும் எடுத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்தேன். கத்தியின் மரப்பிடியால் தரையை ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான இடம் கல்லைத் தட்டுவது போலக் கேட்கும். விட்டுப்போன இடம் காலிப் பெட்டி மாதிரி ஒலிக்கும். அப்படி ஒலித்த இடத்தை எல்லாம் சாக்பீஸால் வளைத்தேன். தட்டி முடித்துப் பார்த்தால் வளையங்கள் எல்லாம் மேற்குச் சுவரோரமாகவே இருந்தன, அறையில் மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகத்திலும் ஒரு வளையம்கூட இல்லை. வேலையிலிருந்து வந்த கணவர், மனைவி தரையில் மண்டியிட்டுத் தட்டிக்கொண்டிருப்பதை வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

அடுத்தது ஈரம். உர மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும் இல்லையா, அதை வாங்கி நான்கு துண்டாக வெட்டினேன். அறையில் நான்கு இடங்களில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாதபடி பிளாஸ்திரி ஒட்டினேன். மூன்று நாள் யாரும் அதை மிதிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தேன். காற்றில் இருக்கும் ஈரம் என்றால் பிளாஸ்டிக்கின் மேலே படியும். தரைக்குள்ளிருந்து வருவது என்றால் அடியில் படியும். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் இரண்டும் காய்ந்து கிடந்தன. நடுவில் போட்டதன் அடியில் லேசாக மூச்சு விட்ட மாதிரி ஒரு படலம். மேற்குச் சுவரோரத்தில் போட்டதன் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது மாசி. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஊரே தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது எங்கள் தரைக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று அவரும் யோசிக்க ஆரம்பித்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மொசைக் வேலையை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சம்மதித்தார்.

கொத்தனாரை வரச் சொல்லி, மேற்குச் சுவரோரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் உடைக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே உளியை வைத்தார். தரைக்கு அடியில் இருந்த மணலை அள்ளிப் பார்த்தால், பிடித்தால் உருண்டை பிடிக்கலாம் போல ஈரம். அவர் போன பிறகும் நான் அந்தக் குழிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமி மஃரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சுவருக்கு வெளியே ஒரு சிமெண்ட் மேடை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மாமிக்கு முழங்கால் வலி வந்து, கிணற்றடியில் குந்தி உட்கார முடியாமல் போனபோது கட்டியது. உள்ளே அறையின் தரை எந்த உயரமோ, மேடையும் அதே உயரம். அதன்மேல் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்து மோந்து மோந்து மாமி கை கால் முகம் கழுவுவார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கிணற்றுத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. எல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மேடையும் சுவரும் சேருகிற இடத்தில் எங்கோ விரிசல் இருக்கிறது, தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்குகிறது.

இங்கேதான் நான் புத்தியில்லாத ஒரு காரியம் செய்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னேன். தரை கெட்டதற்குக் காரணம் மாமி ஒளுச் செய்கிற தண்ணீர்தான் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி ஒலிக்கிறது என்று என் காதில் விழுந்தது.

மாமி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து கேட்டார்.

"தொழுகைக்குக் கழுவுற தண்ணியால வீடு கெட்டுப்போச்சுங்கிறியா?"

நான் விளக்கப் போனேன். அவர் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலைச் சுபுஹிலிருந்து மாமி அந்த மேடைக்குப் போகவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கிணற்றுக்கும் அப்பால் முருங்கை மரத்தடிக்குப் போய், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினார். எழுந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன், விலக்கவும் இல்லை, பேசவும் இல்லை. இரண்டு நாள் அப்படியே போனது. கணவர் என்னிடம் குரலை உயர்த்தாமல், அதனால் இன்னும் கடுமையாக, ஒரு தரைக்காக அம்மாவை மரத்தடிக்கு அனுப்பிவிட்டாய் என்றார். அந்த மேடையைக் கட்டச் சொன்னதே தான்தான் என்றும், குற்றம் சொல்ல வேண்டுமென்றால் தன்னைச் சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம். தண்ணீர் விஷயத்தில் என் முடிவு சரி என்று அப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் சரியாக இருப்பதால் மனசுக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார், அதன் பிறகும் முருங்கை மரத்தடிக்கே போனார்.

சின்னாளபட்டியிலிருந்து சேலை மூட்டையோடு ஒரு அம்மா வாரம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருவார். அவர் வீட்டில் நெசவு, சாயம் போடுவதும் உண்டு. சேலை எடுக்காவிட்டாலும் மாமியோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். அந்த வாரம் வந்தபோது மாமி அவரிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் பள்ளியில் இருந்தேன். அடுத்த வாரம் அவர் வந்து போன மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமி மேற்கு அறையில், கொத்தனார் உடைத்த குழிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வா. பைய அப்புறம் வச்சுக்கலாம்" என்றார்.

போய்ப் பார்த்தேன். குழிக்குள் மணல் பச்சையாக இருந்தது. இலைப் பச்சை. ஓர் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது.

மாமி சொன்னார். "அந்தம்மாகிட்ட ஒரு பொட்டலம் சாயப்பொடி கேட்டு வாங்குனேன். காலையில ரெண்டு வாளித் தண்ணியில கரைச்சு மேடையில ஊத்துனேன். உள்ள வராதுன்னு உனக்குக் காட்டணும்னுதான் ஊத்துனேன். மத்தியானம் லுஹருக்கு வந்து பாக்குறேன், இங்க நிக்குது." குழியிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுல தப்பில்லம்மா. சொன்ன விதந்தான் கசந்துச்சு."

விதம் தப்புத்தான் மாமி என்று மட்டும் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சரி. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

பச்சைத் தண்ணீரைப் பார்க்கக் கொத்தனாரையும் வரவழைத்தோம். அவர் குழியைப் பார்த்தார், வெளியே போய் மேடையைப் பார்த்தார், சுவரோரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அந்த மேடையைக் கட்டியவரும் அவரேதான். கடைசியில், அன்றைக்கு வேறு வேலைக்குப் போகிற அவசரத்தில் சுவரோரம் இடைவெளி விட்டுப் பூசிவிட்டதாகவும், தண்ணீர் ஓடும் வாட்டமும் சுவர்ப்பக்கமாகவே விழுந்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேறு ஆளைத் தேட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

என் திட்டம் இதுதான். முதலில் மேடையைச் சரிசெய்வது. அறையில் கெட்டுப்போன மேற்குப் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் சிவப்பே போடுவது. கெட்டியாக இருக்கும் கிழக்குப் பாகத்தை உடைக்காமல் தேய்த்துப் புதுப்பிப்பது. கணவருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். இதுவரை அண்ணன் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. கேசட்டில் பேச உட்கார்ந்தால், இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. சொன்னதைச் சுற்றிச் சுற்றிச் சொல்லி, அழித்து, மறுபடி பதிவு செய்துகொண்டிருந்தார்.

மாமி கையை நீட்டி மைக் இருக்கும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, மூத்த மகனுக்குப் பேசினார்.

"தம்பி, அம்மா பேசுறேன். மொசைக் வேணாம்னு யாரும் சொல்லல. மேக்கு ரூம்புல அடியில ஈரம் நிக்குது. அது காயாம எதப் போட்டாலும் நிக்காது. கெழக்குப் பக்கம் கல்லாட்டம் இருக்கு, அத ஒடச்சா புழுதிதான் மிச்சம். உன் தம்பி பொண்டாட்டி நல்லாப் பாத்துட்டா, நானும் பாத்துட்டேன். நீ பத்திரமா வந்து சேரு."

அவ்வளவுதான். கணவர் அதற்குமேல் எதையும் சேர்க்காமல் கேசட்டை எடுத்து உறையில் போட்டார்.

பங்குனியில் வேலை தொடங்கியது. மேடையை உடைத்து, சுவருக்கும் அதற்கும் ஒரு முழம் இடம் விட்டு, வாட்டம் முருங்கை மரத்துப் பக்கம் போகும்படி கட்டினார் கொத்தனார். இந்த முறை மாமி பக்கத்திலேயே நின்று, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் மேற்குப் பாகத்தை உடைத்து, உப்பேறிய மணலை முழுக்க வாரி வெளியே கொட்டினோம். பிறகு காயவிட்டோம். நாங்கள் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டோம், மாமி ஹாலின் ஓரத்தில் தொழுதுகொண்டார்.

சித்திரை முடிவதற்குள் காய்ந்துவிடும் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். காயவில்லை. வாரா வாரம் பிளாஸ்டிக் துண்டை விரித்துப் பார்ப்பேன். சொட்டுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. கத்திரி வெயிலில் திண்டுக்கல் சமவெளி அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்தபோதுகூட அந்த மண் லேசாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் ஐந்து வேளையும் குடித்த மண் அல்லவா. கொத்தனார் இரண்டு முறை வந்து, இது போதும் டீச்சர், போட்டுவிடலாம் என்றார். கணவரும் நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் இன்னும் ஒரு வாரம் என்றேன், அடுத்த வாரமும் அதையே சொன்னேன். இப்போது விட்டுக்கொடுத்தால் இவ்வளவு செய்ததற்கும் அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. வைகாசி கடைசியில் ஒரு காலை பிளாஸ்டிக்கைத் தூக்கினேன். அடியில் ஒன்றுமே இல்லை. இன்னும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அன்றைக்கே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

புது ஆற்று மணல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் சிமெண்ட், கடைசியாகச் சிவப்பு. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து இழைத்தார் கொத்தனார். இரண்டு வாரம் வைக்கோலை நனைத்துப் போட்டு ஈரத்திலேயே வைத்திருந்தோம். கிழக்குப் பாகத்தைக் கல்லால் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தேன். அந்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை, நானே செய்தேன். துடைக்கத் துடைக்க என் கை நிழல் அதில் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒன்றாகிவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். உடைந்த ஓட்டில் மூன்று விதமாகக் கலந்து பூசிப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் காய்ந்த பிறகு புதுப் பாகம் செங்கல் நிறத்தில் நின்றது, பழையது வற்றல் மிளகாய் மாதிரிக் கறுஞ்சிவப்பு. நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றேன். சரியாகவில்லை. அதற்குப் பிறகும் ஆகவில்லை. மாமிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பாயை அந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் விரித்துக்கொண்டால் தொழும் திசை கோணாமல் இருக்கிறது என்றார்.

ஆவணியில் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். பெட்டிகள் இறங்கின, அம்மாவும் மகனும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லாம் ஓய்ந்து அவர் அந்த அறைக்குள் போனபோது நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் தரையைப் பார்த்தார், நடுக்கோட்டைப் பார்த்தார்.

"ஏலே, இதுக்கா ஆறு மாசம்?" என்று தம்பியைக் கேட்டார்.

என் கணவர் தலை குனியவில்லை. "ஆமாண்ணே. இதுக்குத்தான்" என்றார். பிறகு அண்ணனை வெளியே கூட்டிக்கொண்டு போய், மேடையைக் காட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சுவரோரத்தில் விட்ட இடைவெளி, பச்சைச் சாயம், பிளாஸ்டிக் என்று ஒன்றையும் விடாமல், நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கு ஏமாற்றம்தான். அங்கே பாலைவனத்து அறையில் படுத்துக்கொண்டு, பளபளக்கும் மொசைக் தரையில் தன் பிள்ளை தவழ்வதை நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை. தரை அதன் வேலையைச் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் என்னிடம் வந்து, அந்தப் பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். ஹாலில் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"பெரிய மச்சான், ஹால் காஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் பாத்துருவோம்" என்றேன்.

மூன்று நாள் ஹாலில் மூன்று துண்டு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. பிள்ளை அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்வது அவர் மனைவியின் வேலையாக இருந்தது. பிரித்தபோது அவரே குனிந்து, அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். சுத்தமாகக் காய்ந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இங்கே போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் என்றேன். எனக்கும் ஆசைதான் என்பதையும் சொன்னேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அவருடைய லீவு முடிவதற்குள் ஹாலில் மொசைக் போடப்பட்டது. பத்துப் பதினைந்து நாள் ஹால் முழுக்க இரைச்சலும் குழம்பும். கட்டில்கூடப் போட இடம் இல்லாததால், மாமி, அண்ணன் குடும்பம், நாங்கள் எல்லாரும் மேற்கு அறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். முதல் நாள் மதியம் வெயிலில் அலைந்துவிட்டு வந்த அண்ணன், பாயைத் தள்ளி வைத்துவிட்டு வெறுந்தரையில் மல்லாந்து படுத்தவர் அஸர் பாங்கு கேட்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் சட்டையின் முதுகில் ஒரு துளி சிவப்புகூட ஒட்டியிருக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஹால் மொசைக்கும் நன்றாகவே அமைந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். அண்ணன் ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டிவந்து காட்டினார். பாலிஷ் முடிந்து மெஷின் போன அன்று, கொத்தனார் தன் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டே, வேறு ஒரு வீட்டில் இதே மாதிரி உப்புப் பூத்துக் கிடக்கிறது, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா டீச்சர் என்று கேட்டார். சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.